வாசலில் சிக்கிய படகு

படகு வாசலில் சிக்கிக்கொண்டது. பாதி ஆறாம் அறைக்குள், பாதி வராந்தாவில்.

"தள்ளாதீங்கடா! தள்ளாதீங்கன்னா காதுல விழல?" என்று உள்ளேயிருந்து கத்தினார் தொடாதேக்காரர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அருங்காட்சியகத்தின் ஆறாம் அறைக்கு முப்பத்தோரு வருஷம் காவல் இருந்து, ஒரு நாளைக்கு நூறு தடவை "தொடாதே, தொடாதே" என்று சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்கும் குமாஸ்தாவே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெளியே தோட்டத்தில் பந்தல், மைக், படகுத்துறைத் தெரு ஜனம் இருநூறு பேர். பத்து மணிக்கு விழா. அருங்காட்சியகம் அந்தத் தெருக்காரர்களின் படகை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிற விழா. இப்போது மணி ஒன்பதே முக்கால்.

அறைக்கு ஒரே வாசல். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. படகுக்கு உட்பக்கம் அகப்பட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர்: தொடாதேக்காரரும், வந்து ஆறு மாசமே ஆன டைரக்டர் மேடமும். தூக்க வந்த பையன்களும் தச்சரும் வெளிப்பக்கம்.

"அளந்தீங்களா இல்லையா?" என்று படகுக்கு மேலே எட்டி, தச்சரைக் கேட்டார் மேடம்.

"அளந்தேன் மேடம். வாசல் மூணடி."

"படகு?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "படகைத் தொட அண்ணன் விடல மேடம். பக்கத்துல மாட்டியிருக்கிற சீட்டைப் பாத்து எழுதிக்கிட்டேன். அகலம் ரெண்டே முக்கால் அடின்னு போட்டிருந்துச்சு."

"சீட்டு சரியாத்தான் இருக்கும். உன் வாசல்தான் தப்பு" என்றார் தொடாதேக்காரர்.

"வாசல் எப்படிண்ணே தப்பாகும்?"

"சீட்டு எழுபது வருஷமா இருக்கு. இந்த வாசல் பன்னெண்டு வருஷம் முன்னாடி சுவர் எழுப்பி வெச்சது. எது தப்பா இருக்கும், நீயே சொல்லு."

தச்சர் நாடாவை எடுத்து வாசலை மறுபடியும் அளந்தார். தொடாதேக்காரர் வாதம் செய்தால் அப்படித்தான். எதிராளிக்கு வாய் அடைத்துப்போகும், காரியம் அங்கேயே நிற்கும்.

இன்றைக்கு அவருக்கு இருந்த கோபம் லேசுப்பட்டதல்ல. நோய்க்காலத்தில் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, வெறும் அறையில் தனியாக உட்கார்ந்து இந்தப் படகுக்குத் தூசு தட்டியவர் அவர். அப்புறம் கதவைத் திறந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன வருஷம் ஒருவழியாக ஜனம் வந்தது, பார்க்க அல்ல, கத்த. 'பாலம் கட்டின வருஷம் எங்கள் பாட்டன் படகை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போனார்கள், திருடியதைத் திருப்பிக் கொடு' என்று படகுத்துறைத் தெருவே அருங்காட்சியக வாசலில் வந்து உட்கார்ந்தது. மதில் சுவரில் 'திருடர் வீடு' என்று ஆள் உயரத்துக்கு எழுதினார்கள். மண்ணெண்ணெய் போட்டு இரண்டு நாள் தேய்த்தார் தொடாதேக்காரர். எழுத்து போனது, கூடவே சுவரின் சாயமும் போனது. இப்போது வெள்ளையாக அதே எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

தலைமை அலுவலகம் பயந்துபோய்ப் புது டைரக்டரை அனுப்பியது. 'சமூகம் மாறிப்போச்சு, நாமும் மாறணும்' என்பது அந்த அம்மாவின் பேச்சு. முதல் வாரமே 'தொடாதே' பலகைகளைக் கழற்றினார். இரண்டாம் மாசம் படகைக் கொடுத்துவிடுவதாகக் கடிதம் எழுதினார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார் தொடாதேக்காரர். பொறுக்க முடியாதது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஒரு காகிதம், நாலே வரி. 'உங்கள் படகைத் திருடி வைத்திருந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறோம்' என்று மைக்கில் படிக்க வேண்டுமாம். அதுவும் அவர்.

"மூத்த ஊழியர் படிச்சாத்தான் மனசுலேருந்து வந்த மாதிரி இருக்கும், ஐயா" என்றிருந்தார் மேடம்.

"என் மனசுலேருந்து வர்றது வேற மேடம். அதை மைக்குல சொல்ல முடியாது."

வீட்டில் சொன்னால் பெண்டாட்டியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். "நாலு வரிதானே, படிச்சுத் தொலைங்களேன். முப்பத்தோரு வருஷமா இங்கயும் எதையும் தொட விடாம உயிரை எடுக்குறீங்க" என்றாள்.

தச்சர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு பக்கமாச் சாய்ச்சா வந்துடும் மேடம்."

சாய்த்தார்கள். படகு 'கிறீச்' என்று கத்திக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு கோணலாக இறுகிக்கொண்டு முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. சற்று முன்வரை மேலே எட்டிப் பார்க்கவாவது முடிந்தது. இப்போது மேடம் குனிந்து, படகுக்குக் கீழே இருந்த சந்து வழியாகத்தான் வெளியே பேச முடிந்தது.

"வாசல் நிலையை அறுத்துடுங்க!" என்று தரையைப் பார்த்து உத்தரவு போட்டார் மேடம்.

"அறுக்கக் கூடாது" என்றார் தொடாதேக்காரர்.

"ஏன்?"

"அந்த நிலையும் காட்சிப்பொருள். பழைய நீதிமன்றத்திலேருந்து வந்தது. நம்பர் நானூத்திப் பன்னெண்டு. அறுக்கணும்னா மேலிடத்து அனுமதி வேணும், மூணு பிரதி."

"காட்சிப்பொருளைக் கொண்டுவந்து யாராவது வாசலுக்கு மாட்டுவாங்களா?"

"உங்களுக்கு முன்னாடி இருந்துட்டுப் போன டைரக்டரைக் கேளுங்க. அவரும் உங்களை மாதிரிதான். 'ஜனங்க உள்ள வரும்போதே சரித்திரத்துக்குள்ள நுழையணும்'னாரு. நுழைஞ்சாச்சு. இப்போ வெளிய வர வழியில்ல."

சந்துக்கு வெளியே இரண்டு கறுப்புச் செருப்புகள் வந்து நின்றன. படகுத்துறைத் தெருவின் வக்கீலம்மா. படகைப் பறிகொடுத்த படகோட்டியின் கொள்ளுப்பேத்தி. வழக்குப் போட்டதும், ஜனத்தைக் கூட்டியதும், சுவரில் எழுதச் சொன்னதும் அந்தப் பெண்தான் என்பது தொடாதேக்காரரின் முடிவு.

"மேடம், மணி பத்தே கால். மறுபடி ஏமாத்தப் பாக்குறீங்களான்னு எங்க ஆளுங்க கேக்குறாங்க."

"ஐயோ, இல்லம்மா. படகு சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான்."

"உள்ள வேற யாரு? அந்தப் பெரியவரா? அவர்தான் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்காரா?"

தொடாதேக்காரர் மண்டியிட்டார். முழங்கால் 'மடக்' என்றது. சந்து வழியாகச் செருப்பைப் பார்த்தே பேசினார். "இந்தாம்மா. என்னைத் திருடன் வீட்டுக் காவக்காரன்னு மைக்கு போட்டுச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல பெரியவரே."

"தனிப்பட்ட கோபம் இல்லாமத்தான் தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னியா? என் மருமகன் அதைப் போன்ல போட்டு மூணு தடவை கேட்டுச் சிரிச்சான்மா. சம்பந்தி வீட்டுல எனக்கு இப்போ அதான் பேரு. முப்பத்தோரு வருஷத்துல இந்த அறையில ஒரு ஆணி காணாமப் போயிருக்கா? காவல்னா அது. நான் காத்தது திருட்டுப் பொருள் இல்லன்னு நீ ஒரு வார்த்தை மைக்குல சொல்லு. இந்தப் படகை நானே சுமந்துக்கிட்டு வந்து உன் வீட்டு வாசல்ல வெக்கிறேன்."

செருப்பு ஓரடி கிட்டே வந்தது. "அது திருட்டுப் பொருள்தானே பெரியவரே. இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

தொடாதேக்காரர் எழுந்துவிட்டார். முகம் சிவந்து, காது நுனிகூடச் சூடேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் துப்புரவுக்காரம்மா வெளியேயிருந்து குரல் கொடுத்தாள். "சோப்புத் தண்ணி ஊத்தினா வழுக்கிக்கிட்டு வந்துடும் மேடம். விரல்ல மோதிரம் சிக்கிக்கிட்டா நாங்க அப்படித்தான் கழட்டுவோம்."

"சோப்பா! எழுபது வருஷமா இதுமேல ஈரத்துணிகூடப் படல!" என்று அலறினார் தொடாதேக்காரர்.

"ஊத்துங்க" என்றார் மேடம்.

இரண்டு வாளி ஊற்றினார்கள். வராந்தா முழுக்க நுரை. பையன்கள் இழுத்தார்கள். கை வழுக்கி, ஒருவன் மேல் ஒருவனாக மூன்று பேர் சாய்ந்தார்கள். படகு மட்டும் அசையவில்லை. இப்போது அதைப் பிடிக்கவே முடியாது. முன்பு சிக்கியிருந்தது மட்டும்தான் குறை, இப்போது சிக்கியும் வழுக்கியும் இருந்தது.

பந்தலிலிருந்து கோஷம் கிளம்பியது. "ஏமாத்தாதே! ஏமாத்தாதே!"

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, தயவுபண்ணி ஏதாவது செய்யுங்க. இந்த விழா நடக்கலன்னா இந்த இடத்தையே மூடிடுவாங்க. இங்க ஒரு கல்யாண மண்டபம் வரும்."

கோஷத்துக்கு நடுவே யாரோ ஒரு பொடியன் தனிக்குரலில் கத்தினான். "திருடன் வீட்டுக் காவக்காரா, வெளிய வா!"

அவ்வளவுதான். தொடாதேக்காரர் நாலடி பின்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். "போய்த் தொலை, சனியனே!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து படகின் பின்புறம் ஓங்கி ஓர் உதை விட்டார்.

யாரையும் விரல் நுனிகூட வைக்க விடாத மனுஷன்.

சீறிக்கொண்டு கிளம்பியது படகு. நுரையில் வராந்தாவைத் தாண்டி, ஐந்து படியும் தடதடவென்று இறங்கி, 'நாம் மாறுகிறோம்' என்று மேடம் எழுதி வைத்திருந்த துணிப் பதாகையைக் கிழித்துக்கொண்டு பந்தலுக்குள் பாய்ந்தது. ஜனம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. முன்வரிசை நாற்காலிகள் நாலைச் சாய்த்துவிட்டு, புல்தரையில் அடிப்பக்கம் பதிய அழகாக உட்கார்ந்தது. ஆளுக்கும் அடியில்லை, படகுக்கும் கீறல் இல்லை.

அப்புறம் யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். இதுவும் விழாவில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

தொடாதேக்காரர் மட்டும் வாசலில் நின்றபடி தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் தன்னுடையதுதானா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி.

சோப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்தது. துப்புரவுக்காரம்மா தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து படகுக்குள் போட்டுவிட்டு, வெளிப்புறத்தைத் துணியால் தேய்த்தாள். பேச்சுகள் நடந்தன. வக்கீலம்மா அரை மணி நேரம் பேசினாள். அதற்குள் படகில் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்துவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பாருங்க!" என்று மைக்கைப் பிடித்தார் மேடம். "எழுபது வருஷம் கழிச்சும் ஒரு துளி கசியல. உங்க முன்னோரோட கைத்திறனை நாங்க பூட்டி வெச்சிருந்தோம்!"

கூட்டம் விசில் அடித்தது. மேடம் திரும்பித் தொடாதேக்காரரைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

உதைக்காமல் இருந்திருந்தால் அவர் மறுத்திருப்பார். அந்தக் காகிதத்தைக் கிழித்து மேடத்தின் கையில் கொடுப்பதாகத்தான் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். ஆனால் உதைத்த காலோடு எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பது? முப்பத்தோரு வருஷக் காவல் ஒரே உதையில் போய்விட்டது. மெதுவாகப் படியிறங்கி வந்தார். மைக் முன்னால் நின்றார்.

"உங்கள் படகை..." செருமிக்கொண்டார். "உங்கள் படகைத் திருடி வைத்திருந்தோம். அதற்குக் காவலும் இருந்தோம். காவல் இருந்தவன் நான்தான்." இந்தக் கடைசி வரி காகிதத்தில் இல்லை. "மன்னிச்சிடுங்க."

பற்களைக் கடித்துக்கொண்டு படித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது கோபத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். வக்கீலம்மா கிட்டே வந்து அவர் கையைப் பிடித்து, "இப்பதான் பெரியவரே நீங்க பெரிய மனுஷன்" என்றாள்.

"கையை விடும்மா" என்றார் அவர்.

தூரத்தில் மருமகன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வக்கீலம்மாவுடைய தாத்தாவின் தம்பி. பாலம் கட்டின வருஷம் அவருக்குப் பதினோரு வயசு. அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருத்தர்தான். நாற்பது வருஷமாக வேறு ஊரில் மகள் வீட்டோடு இருக்கிறார். படகை அவர் கையில்தான் ஒப்படைப்பது என்று சொல்லி ரயிலில் வரவழைத்திருந்தார்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம்.

இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. மேடம் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். கிழவர் தண்ணீர் ததும்ப நின்றதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து விளிம்பைத் தடவினார். தண்ணீருக்குள் கையை விட்டு அடியைத் துழாவினார். பிறகு நிமிர்ந்து, மைக் முன்னால் காகிதத்தோடு நின்ற தொடாதேக்காரரையும் தன் பேத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த மனுஷனையா மன்னிப்பு கேக்க வெச்சீங்க? அதிகாரிங்க வந்த அன்னிக்கு எங்கப்பன் படகைக் கோரைப்புல்லுக்குள்ள ஒளிச்சுட்டு, எங்க வீட்டு மாட்டுத் தொட்டியத்தானே படகுன்னு சொல்லி அவங்க தலையில கட்டினாரு!"