ஓரத்தில் சிறு சேதம்

என் தங்கை கருப்பருக்கு முடிந்து வைத்திருந்த ஒரு ரூபாய் நாணயத்தை நான் திருடினேன். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். (திருடும்போது அதுவும் நினைவுக்கு வந்தது. தடுக்கவில்லை.)

பழைய நாணயம் சேர்ப்பவன் என்றால் புதுக்கோட்டையில் எல்லோரும் சமஸ்தானத்து அம்மன் காசைத்தான் கேட்பார்கள். என் பைத்தியம் வேறு. ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் அது பம்பாயில் அச்சடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. இது தெரிந்த நாள் முதல் எந்தக் கடையிலும் மீதிச் சில்லறையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் நான் வாங்கியதில்லை. பின்னால் நிற்பவர்கள் என்னைக் கருமி என்று நினைத்துக்கொண்டார்கள்.

தங்கை செல்வி திருவரங்குளத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தையில்லை. கருப்பரிடம் வேண்டிக்கொண்டு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்திருந்தாள். குழந்தை பிறந்தால் அதே காசை, அந்தக் குழந்தையின் கையாலேயே உண்டியலில் போடவேண்டும். வேறு காசு ஆகாது.

பேரன் பிறந்தான். கோயிலுக்குப் போக நாள் குறித்தார்கள். நான் முதல் நாளே போய்ச் சேர்ந்தேன்.

"அண்ணே, முடிச்சு எளகிக் கெடக்கு. கொஞ்சம் இறுக்கி முடிஞ்சு வைங்க" என்று துணியைக் கையில் கொடுத்துவிட்டு செல்வி அடுப்படிக்குப் போனாள்.

அவிழ்த்தேன். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம். அந்த ஆண்டின் நட்சத்திரக் காசைத்தான் பல காலமாக நான் தேடித் திரிந்தேன். என் பர்சிலோ அதே ஆண்டின் கல்கத்தாக் காசு ஒன்று சும்மா கிடந்தது. ரூபாய்க்கு ரூபாய். கருப்பர் என்ன, குனிந்து குறியைப் பார்க்கவா போகிறார்? மாற்றி முடிந்தேன். எடுத்த காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சிறு உறையில் போட்டு, மேலே பொறுப்பாகக் குறிப்பும் எழுதினேன்: 'நட்சத்திரம். நல்ல நிலை. ஓரத்தில் சிறு சேதம்.'

மறுநாள் காலை வாசலில் வேன் நின்றது. பேரன் கையில் கொடுப்பதற்காகச் செல்வி காசை எடுத்தாள். விளிம்பை ஒருமுறை விரலால் தடவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங் காசு இல்ல."

"ரூவாயில என்ன ஓங் காசு, எங் காசு?" என்றார் அவள் கணவர், என் மைத்துனர்.

"அருவா தீட்டுற அரத்தால ஓரத்துல ஒரு வெட்டுப் போட்டு வச்சிருந்தேன். பஸ்ஸுக்குச் சில்லறைன்னு நீங்க தூக்கிட்டுப் போயிருவீங்கன்னுதான் போட்டேன். அதே மாதிரி எடுத்துட்டீங்க."

சட்டைப் பைக்குள் விரலை விட்டேன். 'சிறு சேதம்' விரலில் தட்டியது. நான்கு ஊர்க் குறிகளையும் பார்த்தவுடன் சொல்லும் மேதைக்குத் தங்கை போட்ட குறி தெரியவில்லை.

"அந்தக் காசு இல்லாம கருப்பர் வாசலை மிதிக்க மாட்டேன். எம் புள்ள எட்டு வருசம் அழுதிருக்கு" என்று செல்வி உட்கார்ந்துவிட்டாள். வீடே தேடியது. "மாமா, ஒங்க கண்ணாடிய வச்சுப் பாருங்க" என்றாள் குழந்தையின் தாய். நான் தவழ்ந்துபோய், பீரோவுக்கு அடியில் பூதக்கண்ணாடியால் தேடினேன். என் பையிலிருந்த காசை. (ஒரு மூக்குத்தித் திருகு கிடைத்தது. பாராட்டினார்கள்.)

கடைசியில் செல்வி கற்பூரத்தை ஏற்றினாள். "எடுக்கலன்னு இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

மைத்துனர் சத்தியம் செய்தார். உள்ளங்கை கறுத்துவிட்டது.

"அப்ப யாரு எடுத்தா? எங்கண்ணன் எடுத்துச்சா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த செல்விகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சேதமா?" என்று மட்டும் கேட்டாள்.

காசு உண்டியலுக்குப் போனது. பரிகாரமாக, பேரனோடு சேர்ந்து நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். மைத்துனரிடம், "மாப்ள, மன்னிச்சுக்கங்க" என்றேன். "விடுங்க மச்சான். இந்த வீட்டுல நான் நிரபராதின்னு இப்பத்தான் மொதத் தடவையா நிரூபணம் ஆயிருக்கு" என்றார். இரண்டு மொட்டைகளும் சேர்ந்திருக்கும் படம் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது. புதிதாக வருகிற யாரையும் காரணம் சொல்லாமல் அனுப்புவதில்லை.

போன மாதம் மகனின் வெளிநாட்டு வேலைக்காகச் செல்வி மறுபடி காசு முடிந்தாள். கூப்பிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பாத்துருங்கண்ணே. நல்ல காசுன்னா இப்பவே எடுத்துக்கங்க. சாமிக்கு வேற முடிஞ்சுக்கிறேன்."

பார்த்தேன். பம்பாய், எங்கும் கிடைப்பது. "சாதாரணக் காசுதான்" என்றேன்.

"அப்ப நம்பி முடியலாம்" என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே அரத்தை எடுத்தாள்.