சோயா சாஸும் சிவப்பு நகமும்

இனி அந்த மாத்திரையைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முப்பத்தாறு வருஷம் நீகதா நகரத் தபால் நிலையத்தில் அதிகாரம் செய்தவன் நான். தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு மாத்திரைக்குக் கைகட்டி நிற்பதா? சர்க்கரை வியாதி காலில் நரம்பைக் கெடுத்துவிட்டது என்கிறார் டாக்டர். எனக்கோ துளி வலி இல்லை. வலிக்காத காலுக்கு மருந்து எதற்கு?

மருந்துக் கடைப் பெண் ஏதேதோ விளக்கினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவள் தந்த காகிதத்தைப் படிக்காமலே வீட்டில் போட்டேன். என் மனைவி மசுயோ ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறாள்.

பத்தாம் நாள் கழிப்பறை கழுவப் போனவள் திரும்பி வந்தாள்.

"என்னங்க, மாத்திரை போடுறீங்களா?"

"காலி அட்டையைப் பாக்கலையா?" மாத்திரைகள் என்னவோ பழைய தேயிலை டப்பாவில் பத்திரமாக இருந்தன.

"அதைப் போட்டா சிறுநீர் செம்மஞ்சளாப் போகும், பயப்பட வேணாம்னு எழுதியிருக்கு. உங்களுது பச்சத்தண்ணி மாதிரி இருக்கே?"

தண்ணீர் இழுத்துவிட மறப்பது என் முப்பது வருஷப் பழக்கம். அது இப்படிக் காட்டிக் கொடுக்கும் என்று யார் கண்டது?

அன்றிலிருந்து சட்டைப்பையில் சோயா சாஸ். சுஷிப் பெட்டியோடு வருமே, மீன் வடிவத்தில் குட்டிக் குப்பி, அதுதான். வேளைக்கு நாலு சொட்டு, கழிப்பறைத் தண்ணீரில். நிறம் அச்சு அசல். "மருந்து வேலை செய்யுதுங்க" என்று மசுயோ சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நேற்று மாலை வெளியே பனி கொட்டியது. அடியில் ஹீட்டர் வைத்த சூட்டு மேஜையின் போர்வைக்குள் வெறுங்காலை நீட்டி, டிவியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி விழுந்துவிட்டது என்று மசுயோ எதிர்ப்பக்கம் போர்வைக்குள் தலையை விட்டு வெகுநேரம் தேடினாள். சுமோ முடிந்ததும் தேயிலை டப்பாவையும் பதினோரு காலி மீன் குப்பிகளையும் என் முன்னால் வைத்தாள்.

நான் விடவில்லை. கால் நன்றாக இருக்கிறது என்று சாதித்தேன்.

"போன மாசம் இந்த மேஜைக்கடியில உங்க காலுறை புகைஞ்சுது. எனக்கு வாசனை வந்தப்புறம்தான் உங்களுக்கே தெரிஞ்சுது. நாளப்பின்ன உங்க காலையே வெட்டி எடுக்கணும்னா நான் என்ன பண்ணுவேன்?" குரல் உடைந்தது. ஆனாலும் எனக்கு வீம்பு.

"எறும்பு ஊர்ந்தாலே எனக்குத் தெரியும்."

"அப்ப காலை வெளிய எடுங்க."

எடுத்தேன். பத்து நகமும் பளபளவென்று சிவப்பு.

"ரெண்டு பூச்சு" என்றாள். "மொதப் பூச்சு காயற வரைக்கும் உங்க காலை மடியில வச்சு ஊதிக்கிட்டிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பழைய தபால்காரர்கள் பன்னிரண்டு பேரோடு வெந்நீர் ஊற்றுக் குளியல். நகப்பூச்சு அழிக்கும் மருந்தைக் கொடு என்று கெஞ்சினேன்.

"கழிப்பறையில நிஜமா நிறம் வரட்டும். நகத்துல போக்கிடலாம்."