கடிகாரக்காரர் மூச்சு விட்ட கதை

இதை எனக்கு முதலில் சொன்னவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரேதான். போன மழைக்காலம். என் சுவர்க் கடிகாரம் நின்றுபோய், தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போயிருந்தேன். மழை விடவில்லை. அவரும் விடவில்லை. தான் தோற்ற கதையைத் தானே சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் உட்கார்ந்து கேட்டேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. அடுத்த அறையில் அவர் மனைவி துணி தைக்கிறாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் டிக் டிக். அந்தப் பக்கம் தடதட. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்ட சங்கீதம் அவ்வளவுதான்.

அதற்கு முன்பெல்லாம் அவள் பாடுவாளாம். மெஷினை மிதித்துக்கொண்டே, தானே கட்டிய பாட்டுகள். கடைசியாகக் கட்டியது இது.

"நூலே நூலே ஓடி வா,
கிழிஞ்ச வானம் தைக்கலாம் வா..."

முதல் தடவையாகப் பாடிய அன்றே அந்தக் கடைசி 'வா' கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இவர் இடுக்கியில் பிடித்திருந்த மயிரிழை ஸ்பிரிங்கும் கூடவே ஏறிவிட்டது. அடுத்த அடி தொடங்குவதற்குள் இவர் எழுந்து வந்து தடுப்பை ஓங்கித் தட்டினார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கியா? ஸ்பிரிங் பறக்குது!"

மூடினாள். இவர் மூன்று மணி நேரம் தரையில் தவழ்ந்தும் ஸ்பிரிங் கிடைக்கவில்லை. பாட்டு அன்றோடு சரி. மூன்றாவது அடி என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"ஸ்பிரிங் போனா வேற வாங்கலாம்மா" என்று என்னிடம் சொன்னவர், சுத்தமாக இருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வேறு ஊருக்கு வேலைக்குப் போன மகள் தன் யுகுலேலேயை வீட்டில் விட்டுப் போனாள். கிடாருக்குப் பிறந்த கைக்குழந்தை மாதிரி இருக்கும். நாலே தந்தி. அதைப் பார்த்ததும் மனுஷருக்கு ஒரு சபதம் பிறந்தது. மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அதை வாசித்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடிவிடுவது! 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்ல வராத வாய். பாட்டாகவாவது வரட்டுமே. இரண்டடி பாடினால், மூன்றாவதை அவளே எடுக்க மாட்டாளா?

இருந்தது மூன்று மாதம். உள்ளே ஒன்றுமில்லாத ஒரு ஆள் உயரக் கடிகாரக் கூட்டுக்குள் யுகுலேலேயை ஒளித்தார். மத்தியானம் மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பியதும் வெளியே எடுப்பார். மகள் போனில் பாடம் சொல்வாள்.

"அப்பா, கை பாட்டுக்கு மேலும் கீழும் போகட்டும். நிறுத்தாதீங்க. இப்போ பாடுங்க."

கை போனது. வாய் வரவில்லை.

"பாடுங்கப்பா!"

வாய் வந்தது. கை நின்றது.

"ரெண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க மாதிரி இருக்கும்மா. ஒண்ணு உள்ளே வந்தா ஒண்ணு எழுந்து போயிடுது."

"அப்பா, நீங்க மூச்சு விடுறீங்களா?"

அப்போதுதான் பார்த்தார். விடவில்லை! முப்பது வருஷத் தொழில் பழக்கம். கை அசைந்தால் மூச்சை அடக்கிவிடுவார். இல்லாவிட்டால் எள்ளளவு திருகாணி எட்டூருக்குப் பறந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பாட யாரால் முடியும்?

"சரி, முதல்ல வாசிக்கவே வேணாம். காலால தாளம் போட்டுக்கிட்டு வார்த்தையைச் சும்மா பேசுங்க. அப்புறம் முனகுங்க. அப்புறம் ஒரு தாளத்துக்கு ஒரே ஒரு தட்டு."

செய்தார். 'நூ' வந்து 'லே' வருவதற்குள் ஒரு பஸ் போய்த் திரும்பி வரலாம். ஆனாலும் ஒரு ஆறுதல்.

"வாத்தியம் நல்ல ஜாதிம்மா. புதுத் தந்தி தினமும் இளகும்னு சொன்னியே, ஒரு நாள்கூட சுருதி இறங்கல!"

மகள் இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். பிள்ளைக்குச் சளி என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

மனைவியும் ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க, இடது கை விரலெல்லாம் என்ன கோடு?"

"அது... கடிகார முள்ளு குத்திடுச்சு."

"முள்ளு வரிவரியாவா குத்தும்?"

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றார்.

"எண்ணெய் தடவுங்க" என்றாள். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டவர்களுக்கு ஆண்டவன் கண்ணை நன்றாகத் திறந்துவைக்கிறான்.

பிறந்தநாள் வந்தது. மகள் வந்தாள். பக்கத்து வீட்டு டீச்சரும் வந்தார். இவர் கடிகாரக் கூட்டைத் திறந்து யுகுலேலேயை எடுத்தார். மனைவி கன்னத்தில் கை வைத்து, "அட!" என்றாள்.

"நூலே நூலே..." கை நின்றது. மறுபடி தொடங்கினார். கை ஓடியது, முகம் நீலமாயிற்று.

"ஐயோ, தண்ணி கொண்டாங்க! அண்ணா, நெஞ்சு வலியா?" என்று டீச்சர் பதறினார்.

"பாட்டும்மா" என்றார் இவர்.

எப்படியோ நொண்டி நொண்டி 'தைக்கலாம் வா' வரை வந்துவிட்டார். அதற்குமேல் அவரிடம் பாட்டு இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"மீதி எனக்குத் தெரியாது. நீ... சொல்லேன்."

"இப்படிக் குடுங்க."

தையல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யுகுலேலேயை மடியில் வைத்தாள். கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், குரல் அதன் பாட்டுக்கு. காலால் மிதித்து, கையால் துணி தள்ளி, வாயால் அளவு கேட்டே முப்பது வருஷம் ஓட்டியவளுக்கு இதென்ன பிரமாதம்!

"கிழிச்சது யாரு, கேட்க வேணாம்,
ஊசி இருக்கு, ஒட்டி வா..."

"நீ எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க காலையில நடக்கப் போற ஒரு மணி நேரந்தான்."

"பாடம்?"

"மத்தியானம் துணி குடுக்கப் போனேன்னா நினைச்சீங்க? பின்வாசல் வழியா வந்து பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்."

"அப்போ சுருதி?"

"இளகின தந்தியில நீங்க பாடினதை ஒரு நாள் கேட்டேன். தாங்கல. மறுநாள்லேர்ந்து நானே முறுக்கி வெச்சுட்டேன்."

மகள் இந்தத் தடவை இருமவில்லை. வாய்விட்டே சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கிழித்தது யாரென்று கேட்க வேண்டாம் என்ற அடி, அவர் தடுப்பைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பாட்டில் இருந்திருக்கிறது. பலகைக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் காதில் விழுந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம்! இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று பெரிதாக மூச்சு விட்டு, வாயைத் திறந்தார்.

"இந்தா பாரு, அன்னைக்கு நான்..."

தந்தியிலிருந்து கையை எடுக்காமலே அவள் சொன்னாள்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா? ஸ்பிரிங் பறக்குது."

என் கடிகாரம் இன்னும் அவர் கடையில்தான் கிடக்கிறது. அவர் காது பலகைத் தடுப்புப் பக்கமே போய்விட்டதால் இப்போதெல்லாம் கை வேலை நகர்வதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் வாங்கிவாருங்கள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டால் மட்டும், முடிகிறவரை வாசலிலேயே நில்லுங்கள்.