தாடைத் தழும்பு எங்க?

ஊரில் பாதிப் பேருக்கு முகத்தைத் திருத்திக் கொடுத்தவர் நம்ம ஸ்டூடியோக்காரர்தான். பாஸ்போர்ட் போட்டோவோ கல்யாண ஆல்பமோ, மவுஸை ரெண்டு இழுப்பு இழுத்தால் பத்து வயது குறைந்துவிடும். தன் கன்னத்தில் கருப்பாக ஒரு திட்டு படர்வதைக்கூட அவர் படத்தில்தான் பார்த்தார். அங்கேயே அழித்தும்விட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். தன் மனைவியின் முகத்தில் ஓர் ஊசியும் படக்கூடாது.

காரணம், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டு. 'ஸ்கின் கிளினிக். இன்று பதினோரு மணி.' மனைவியின் கையெழுத்து.

இப்போதெல்லாம் யார்தான் அங்கே போகவில்லை? கொழுந்தியாள் மாதம் தவறாமல் போகிறாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. சுருக்கம் விழாமல் இருக்க இப்போதே ஊசியாம். வராத விருந்தாளிக்குப் பயந்து இப்போதே கதவைச் சாத்துகிறார்கள்.

"ஏம்மா, இந்த வயசுல இது தேவையா?"

"இந்த வயசுலதான் தேவை." அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வந்தப்புறம் அழறதைவிட முன்னாடியே பாத்துக்கறது நல்லது."

"ஊசி போட்டு முகம் மரத்துப்போச்சுன்னா?"

"அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்க."

இருபத்தாறு வருஷமாக அவள் நெற்றியைப் பார்த்துத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். புருவத்துக்கு நடுவே ஒரு கோடு விழுந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரெண்டு விழுந்தால் கடைக்குக் கிளம்பிவிட வேண்டும். அதையும் அழித்துவிட்டால் மனுஷன் எதை நம்பிப் பிழைப்பது? அதோடு, அந்த முகம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். தொழில்புத்தி விட்டால்தானே? ஜன்னலோரமாக அவளை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் பத்தே நிமிஷம். கொண்டுவந்து நீட்டினார்.

"இப்ப எடுத்ததுதான், பாரு. ஒரு சுருக்கமாவது இருக்கா? உனக்கு எதுக்கு டாக்டரு?"

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. தாடைத் தழும்பு எங்க?"

கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரைச் சறுக்கவிட்டு அவரே வாங்கிக்கொடுத்த தழும்பு அது. தழும்பைக் கண்டால் அழிப்பது கைப்பழக்கம். யாருடையது என்று கை பார்க்கவில்லை.

"தையல் போட்ட டாக்டர் இதைப் பாத்தா அசந்துபோவாரு," என்றாள். புருவ நடுவில் ஒரு கோடு விழுந்தது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கொட்டிவிட்டார். "எனக்கு உன் முகம் இருக்கறபடியே இருக்கணும்மா. கோடு, தழும்பு, எல்லாத்தோடயும். நீ ஊசி கீசின்னு போகாத. அதுக்குப் பதிலா நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

அவள் படத்தைக் கீழே வைத்தாள். கோடு மறைந்தது. "வெங்காயம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி, நான் எதுவும் பண்ணிக்கல. நீங்க சட்டையை மாத்துங்க, பத்தரை ஆச்சு."

"எங்க போறதுக்கு?"

அவள் பீரோவிலிருந்து கிளினிக் படிவத்தை எடுத்தாள். "முப்பது வருஷமா வெயில்ல நின்னு ஊர்க் கல்யாணமெல்லாம் படம் புடிச்சீங்க. கன்னத்துல அந்தத் திட்டைக் காட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? வெறும் நிழலுன்னு தட்டிக்கழிச்சீங்க. எனக்குத்தான் அப்பாயின்ட்மென்ட்டுன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

படிவத்தில் அவர் பெயர் இருந்தது. மூலையில் அவர் படமும் இருந்தது. அவர் தூங்கும்போது அவள் போனில் எடுத்தது, ஒரு சுருக்கத்தைக்கூட அழிக்காமல்.