நீலவால் ஆகத் துணிந்தேன்

ஒரு விடுகதை. நெற்றியில் மூன்றாவது கண் உண்டு, சாமி இல்லை. வாயைத் திறக்காது, ஆனால் உங்கள் மனதில் இருப்பதைப் புட்டுப் புட்டு வைக்கும். பின்னால் நான்கு முழ நீளத்தில் நீல வால். அது என்ன?

"மனைவி" என்பீர்கள். வால் இடிக்கிறதே!

விடை, நீலவால். தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் பிராணி. அதன் பயிற்சியாளர் எதை நினைத்தாலும், நெற்றியோடு நெற்றி வைத்துக் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாறுவேட ஊர்வலம். பிள்ளைகள் பயிற்சியாளர்களாம். கூடவே பிராணி வேடத்தில் அப்பா அல்லது அம்மா, ஒருவர் மட்டும். போன வருட ஊர்வலத்துக்கு அம்மா போனாள். அதற்கு முந்தைய வருடமும் அம்மா. இந்த வருடம் நான்தான். தலைகீழாக நின்றாவது நான்தான்.

பாப்பா நீதிபதி மாதிரி அறிவித்தாள். "நான் ஒரு ஆசையை நினைச்சு, எழுதி மடிச்சு வச்சுக்குவேன். யாரு சரியா சொல்றாங்களோ அவங்கதான் நீலவால்."

நான் பார்சல் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக ரசீது எழுதுகிறவன். மேல் தாளில் அழுத்தி எழுதினால் அடித்தாளில் தடம் விழும். அதன்மேல் பென்சிலை லேசாகத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். ஆகவே ஒரு புது நோட்டை நீட்டினேன்.

"இதுல எழுது கண்ணு. நல்லா அழுத்தி எழுதணும். அப்பதான் ஆசை பலிக்கும்."

"என்னங்க, திடீர்னு நோட்டெல்லாம்?" என்றாள் மனைவி.

"பெத்த பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கித் தரக் கூடாதா?"

"தரலாமே. மெதுவா எழுதினா பலிக்காதாக்கும்?"

"உனக்கு இந்த விஞ்ஞானமெல்லாம் புரியாது."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பாப்பா அறைக்குள் போனாள். பென்சில் சீவித் தருகிறேன் என்று அம்மாவும் போனாள். சற்று நேரத்தில் இருவரும் வந்தார்கள். பாப்பாவின் கையில் மடித்த தாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே நழுவி நோட்டைத் தேய்த்தேன்.

எழுத்து பளிச்சென்று வந்தது. சற்று முதிர்ந்த கையெழுத்து. பிள்ளை எவ்வளவு முன்னேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூடத்துக்கு வந்து கண்ணை மூடிக் கைகளை விரித்தேன்.

"இருங்க, ஒரு வீடியோ எடுத்துக்கறேன்" என்றாள் மனைவி.

"தெரியுது... தெரியுது..." என்று குரலைக் கனமாக்கினேன். "வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா தனியாளா பரணைச் சுத்தம் பண்ணணும். முணுமுணுக்கக் கூடாது!"

"இல்லையே" என்றாள் பாப்பா.

"இல்லையா?"

"நோட்டை அம்மா வாங்கிட்டாங்க. நான் காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதினேன்."

மனைவி கைபேசியை அணைத்துவிட்டு மண்டியிட்டாள். மகளின் நெற்றியில் நெற்றியை வைத்தாள். இரண்டு பேர் உதடும் அசைந்தது.

"தொட்டியில ஒரு குட்டி ஆமை வளர்க்கணும்."

தாளைப் பிரித்தார்கள். ஆமை.

"அநியாயம்! நீ அவகிட்டயே கேட்டுட்ட!"

"ஆமா, கேட்டேன். எங்க வார்டுல தினமும் அதைத்தானே பண்றேன்? எங்க வலிக்குதுன்னு கேட்டா பிள்ளைங்களே சொல்லிடும்." அவள் குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியர்.

"கேட்கக் கூடாதுன்னு விதி!"

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான்.

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. நானும் மண்டியிட்டேன். "கண்ணு, அப்பாவுக்கு உன்கூட ஊர்வலத்துல வரணும்னு ரெண்டு வருஷமா ஆசைடா."

பாப்பா ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க சொல்லவே இல்லையேப்பா! எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு கன்னத்தில் விரலை வைத்து வெகுநேரம் யோசித்தாள்.

ஊர்வலத்துக்கு அம்மாவைத் தேர்ந்தெடுத்தாள். வால் தைக்க என்னை.