பதினோரு வேலை பார்த்த சென்றாயன்

சேந்தமங்கலம் மச்சான் அங்கமுத்து அவர்களுக்கு, ஜெயிலில் இருக்கும் தங்கள் தங்கச்சி புருஷன் சென்றாயன் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். அவ்விடம் என் சம்சாரம் முத்தாயம்மாள் முதல் மாடு கன்று வரை எல்லோர் சுகத்துக்கும் எழுதவும். எருமைக்கு இருமல் நின்றதா என்பதைத் தனியாக எழுதவும்.

நிற்க. விஷயம் ஒன்றே ஒன்றுதான், மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆவணி பத்தாம் தேதி தாங்களும் மணியக்காரரும் இங்கே வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டால் என்னை ஒரு மாதம் முன்னதாக விட்டுவிடுவார்களாம். பதினாலாம் தேதி என் மகள் கண்ணாத்தாளுக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் இருக்க வேண்டாமா மச்சான்? அதற்காக ஜெயிலர் ஒரு அச்சடித்த காகிதம் கொடுத்திருக்கிறார். என்ன படித்தாய், என்னென்ன வேலை பார்த்தாய் என்று எழுதி இன்று சாயங்காலத்துக்குள் தர வேண்டும். கெடுத்துவிட்டு இன்னொன்று கேட்டால் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

படிப்பு மூன்றாம் வகுப்பு, மூன்று வருஷம். ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தில் அணில் ஓடினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? வேலை பதினொன்று. தறியில் உட்கார்ந்தேன், இழை அறுந்தது தெரியாமல் அரை முழம் நெய்துவிட்டேன். செக்கில் மாடு ஓட்டினேன், தேர் மேளம் கேட்டுப் போனவன் மூன்றாம் நாள்தான் திரும்பினேன். ஆடு மேய்த்த கதை தங்களுக்கே தெரியும், தொலைந்தது தங்கள் ஆடுகள்தானே. கடைசியில் வண்டி. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வெல்லம் ஏற்றிவிட்டு, சேவல் சண்டையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, வந்து ஏறி மாட்டைத் தட்டிவிட்டு வழக்கம்போல் படுத்துவிட்டேன். வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு போய்ச் சேரும் அல்லவா? சேர்ந்தது, இராசிபுரத்தில். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அம்மாள், "ஏனுங்க, எங்க ஊட்டு வண்டிய நீங்க எதுக்குங்க ஓட்டியாந்தீங்க?" என்றாள். திருடினவன் அதை உடையவன் வாசலிலா கொண்டுவந்து நிறுத்துவான் என்று கோர்ட்டில் கேட்கத்தான் இருந்தேன். மாஜிஸ்திரேட் தலைக்கு மேல் பங்கா விசிறி ஆடியது, அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

எங்கே விட்டேன்? ஜெயிலர். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "ஏப்பா, இங்க பாதிப் பேரு இதே கதையத்தான் சொல்றாங்க. படிப்புலயும் நிக்கல, வேலையிலயும் நிக்கல" என்றார். நான் ஒருத்தன்தான் இப்படிப் பிறந்துவிட்டேன் என்று நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன் மச்சான். அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று விளங்காமல் பக்கத்திலிருந்த கைதி சடையனைக் கேட்டேன். அவன் கம்பியில் உட்கார்ந்த குருவியைப் பார்த்தபடி, "என்னுங்க கேட்டீங்க?" என்றான்.

இந்தத் தடவை தப்பு நடக்காது. தலை நிமிராமல் காகிதத்தில் அத்தனை கட்டத்தையும் நிரப்பி முடித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். கண்ணாத்தாளுக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். ஆடுகள் விஷயத்தில் தாங்கள் என்னை மன்னிக்கவும்.

இப்படிக்கு,
சென்றாயன்

பின்குறிப்பு: மடிப்பதற்காகத் திருப்பினேன். பின்பக்கம் ஜெயிலரின் கட்டங்கள் இருக்கின்றன. கடிதத்துக்கு வாங்கிய வெறுங்காகிதம் என் தொடைக்கு அடியில் கிடக்கிறது. திரும்ப எழுதலாம் என்றால் வார்டர் பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஆகவே இதை ஜெயிலரிடமே கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் தங்களுக்கு வராது மச்சான். பத்தாம் தேதி மறக்காமல் வந்துவிடுங்கள்.