மூன்றாவது அக்கா கல்யாணம்

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, அடுப்பைக் கூட்டி வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பேன். இப்படிப்பட்டவனிடம் இருபது மாணவர்களை ஒப்படைத்து, அவர்களோடு நெருங்கிப் பழகி, குறைகளைக் கேட்டு, பதிவேட்டில் எழுதச் சொன்னது எங்கள் கல்லூரி. நெருங்கித்தான் பழகினேன். (ஏட்டையா பழகுவதுபோல என்று பையன்கள் பேசிக்கொண்டார்களாம்.)

அந்த இருபதில் ஒருவன் ரியாஸ். பி.காம். இரண்டாம் ஆண்டு. ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக, அக்காவுக்குத் திருமணம் என்று விடுப்புக் கடிதம் நீட்டினான். சேர்க்கைப் படிவத்தைப் புரட்டினேன். அக்கா ஒருத்திதான். பெரியப்பா மகளா என்று கேட்டால் ஆமாம் என்றான், கொஞ்சம் அவசரமாகவே. அவனுடைய வருகைப் பதிவு ஏற்கெனவே விளிம்பில் நின்றது. இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் தேர்வு எழுத முடியாது. மண்டபத்தின் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, கையெழுத்தை அப்புறம் போடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்தன்று மதியம் வகுப்பில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடமதுரைக்குப் போனேன். வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஆனால் தேய்த்த சட்டை போட்டவனைக் கல்யாண வாசலில் யார் நிற்க விடுவார்கள்? பெண்ணின் மாமா என் கையைப் பிடித்து, மாப்பிள்ளை வீடா என்றார். தலையாட்டினேன். நேராகப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். பிரியாணியில் இரண்டாவது வாய் வைக்கும்போது பக்கத்து இலைக்காரர் திரும்பி, பெண் வீடா என்றார். வாய் நிறையச் சோறு. அதற்கும் தலையாட்டினேன். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

செத்த நேரத்தில் இருவரும் என் நாற்காலிக்குப் பின்னால் சந்தித்துக்கொண்டார்கள்.

"ஒங்க ஆளுன்டுல்ல சொன்னாரு?"

"எங்கிட்ட ஒங்க ஆளுன்டாரே."

பந்தியே சாப்பிடுவதை நிறுத்தியது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன். மாமா என் கழுத்தைப் பார்த்தார். கல்லூரி அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "வாத்தியாரா இருந்துக்கிட்டு..." என்று வருத்தமாக ஆரம்பித்தார்.

அப்போதுதான் கைலியை மடித்துக் கட்டி, பிரியாணி வாளியோடு ரியாஸ் வந்தான். புகையில் கண்கள் சிவந்திருந்தன. அவன் சொன்னது பொய் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் வந்தது எதற்கென்று அவனுக்கும் விளங்கிவிட்டது. அவன் நினைத்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம்.

"எங்க சாருதான் மாமா. நாந்தேன் வரச் சொன்னேன்" என்றான். பிறகு என்னிடம், "உக்காருங்க சார், கறி வைக்கிறேன்" என்றான்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் நின்று உண்மையைச் சொன்னான். அவன் அத்தா, அதாவது அப்பா, கல்யாணப் பிரியாணி மாஸ்டர். இடுப்பு விட்டுப்போனதிலிருந்து அண்டா தூக்குவது இவன்தான்.

"நெசத்தச் சொன்னா, படிப்பு எதுக்கு, இதையே பாருன்டுவீங்க சார்."

எனக்கு வலித்தது. அப்படியேதான் சொல்லியிருப்பேன். மறுநாள் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில், "குடும்பச் சூழலை நேரில் சென்று அறிந்தேன்" என்று எழுதினேன். அதைத் துறைத்தலைவர் கூட்டத்தில் வாசித்துப் பாராட்டி, இனி எல்லா ஆசிரியர்களும் மாணவர் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சக ஆசிரியர்கள் யாரும் என்னை டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை.

அடுத்த வருடம் ரியாஸ் பத்திரிகையோடு வந்தான். இந்த முறை நிஜமாகவே அவன் அக்காவுக்குக் கல்யாணம். (மணப்பெண் பெயரைப் படிவத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.) மனைவியையும் அழைத்துப் போனேன். வாசலில் அவன் அத்தா என் மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும், மனைவி என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி கேட்கிறாள்: "இன்னைக்கு நீங்க எந்த வீடு?"

ரியாஸ் வீடு என்றுதான் சொல்கிறேன்.